ஜப்பான் வீடும் அமெரிக்க வீடும்: அளவு மட்டும்தானா வேறுபாடு?

"ஜப்பானிய வீடுகளுக்கும் அமெரிக்க வீடுகளுக்கும் என்ன வேறுபாடு? அங்கே சின்னது, இங்கே பெரியது என்பதைத் தவிர உண்மையில் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. என்னைக் கேட்டால் அளவுதான் அவற்றில் முக்கியத்துவம் குறைந்தது. டோக்கியோவை ஒட்டியுள்ள சைத்தாமாவில் ஆறு வருடம் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தேன். பிறகு நியூஜெர்சிக்கு வந்து, சில வருடங்கள் கழித்து வீடு வாங்கினோம். கட்டடப் பொறியாளர் என்பதால் இரண்டு ஊரிலும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அளவை முடித்துவிடலாம். ஜப்பான் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டின் சராசரிப் பரப்பு சுமார் 93 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடி. சொந்த வீடுகளை மட்டும் எடுத்தால் 120 சதுர மீட்டர் அளவுக்கு வரும். வாடகை வீடுகள் அதில் பாதிகூட இருக்காது. "முயல் கூண்டு" என்று 1979இல் ஓர் ஐரோப்பிய அறிக்கை எழுதிய சொல் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கிராமப்புறத்திலோ ஜப்பான் கடல் என்ற கடலை ஒட்டிய பகுதிகளிலோ போய்ப் பார்த்தால் நல்ல விசாலமான வீடுகள் இருக்கும். அமெரிக்காவில் இப்போது புதிதாகக் கட்டும் தனி வீடு சராசரியாக 2,000 சதுர அடியைத் தாண்டிவிடுகிறது. அதுவும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்ட ஆரம்பித்தபோது முதல் வீடுகள் 750 சதுர அடிதான். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் அதை முதலில் வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆக, அளவு என்பது காலத்தோடு மாறும் விஷயம். மாறாமல் இருப்பவை வேறு.

வாசலில் இருந்து தொடங்குவோம். ஜப்பானில் கதவைத் திறந்ததும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கென்கான் என்பார்கள். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தப் படி பழைய வீடுகளில் ஓரடிக்கு மேல்கூட இருக்கும், இன்றைய அடுக்குமாடியில் சில சென்டிமீட்டர்தான். ஆனால் படி இல்லாத வீட்டை நான் பார்த்தது அபூர்வம். கூரியர்காரர், மின்சார மீட்டர்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அந்தப் பள்ளத்திலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் தாண்டியிருந்தாலும் அவர்கள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை என்றுதான் கணக்கு. அமெரிக்காவில் கதவுதான் எல்லை. கதவைத் திறந்தால் நேராக ஹாலில் கால் வைப்பீர்கள், பல வீடுகளில் ஷூவோடு. அங்கேயும் செருப்பைக் கழற்றச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஆனால் வீட்டின் அமைப்பே உங்களைக் கழற்ற வைப்பதில்லை.

அந்த ஒரு படியிலிருந்து எவ்வளவு கிளைக்கிறது என்று பாருங்கள். தரை சுத்தம் என்றால் தரையில் உட்காரலாம், படுக்கலாம், குழந்தையை விடலாம். அப்படியானால் கட்டில், நாற்காலி, மேசை என்று அறையை நிரப்பத் தேவையில்லை. ஃபுத்தோன் மெத்தையை இரவில் விரித்துக் காலையில் மடித்து ஓஷிஈரே என்ற ஆழமான சுவர் அலமாரிக்குள் வைத்துவிட்டால், படுக்கையறை பகலில் கூடமாகிவிடும். அதனால்தான் ஜப்பானில் அறையை அதன் வேலையைச் சொல்லி அளப்பதில்லை; பாயைச் சொல்லி அளக்கிறார்கள். தத்தாமி என்பது உள்ளே வைக்கோலை இறுக்கி, மேலே கோரை போன்ற ஒரு புல்லால் நெய்த, இரண்டங்குலப் பருமனுள்ள பாய். ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. "ஆறு பாய் அறை", "நாலரைப் பாய் அறை" என்றால் எல்லோருக்கும் அளவு மனக்கண்ணில் வந்துவிடும். இன்று புதிய வீடுகளில் பெரும்பாலும் மரத்தரைதான், தத்தாமி அறை ஒன்று இருந்தாலே அதிகம். ஆனாலும் விளம்பரத்தில் அறையின் அளவைப் பாய்க்கணக்கில்தான் போடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல்: கியோட்டோ பாய் டோக்கியோ பாயைவிடப் பெரியது, அடுக்குமாடிப் பாய் இரண்டையும்விடச் சின்னது. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்று, விளம்பரத்தில் ஒரு பாய் என்றால் குறைந்தது 1.62 சதுர மீட்டர் இருக்க வேண்டுமென விதி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலோ அறைக்குப் பெயர்தான் முக்கியம். பெட்ரூம், டைனிங் ரூம், ஃபேமிலி ரூம், லாண்ட்ரி ரூம். பெட்ரூம் என்று எழுத வேண்டுமானால் சட்டப்படி குறைந்தது 70 சதுர அடி வேண்டும், தீப்பிடித்தால் வெளியே குதித்துத் தப்பிக்கும் அளவுக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட் அறையில் கட்டில் போட்டுப் படுக்கலாம், ஆனால் விற்கும்போது அதைப் பெட்ரூம் என்று சொல்ல முடியாது. ஜப்பானிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: போதிய வெளிச்சம் வராத அறையைச் சாமான் அறை என்றுதான் விளம்பரத்தில் போட வேண்டும். நிறையப் பேர் அதில்தான் படுக்கிறார்கள்.

குழந்தை எங்கே படுக்கும் என்பது இதோடு ஒட்டிய விஷயம். ஜப்பானில் தாய், தகப்பன், நடுவே குழந்தை என்று தரையில் வரிசையாகப் படுப்பதை "நதி எழுத்துப் போலப் படுப்பது" என்பார்கள். நதி என்பதற்கான அவர்கள் எழுத்து மூன்று நெடுங்கோடுகள், நடுக்கோடு சின்னது. அமெரிக்காவில் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதற்கென்று அறை தயாராகி, வண்ணம் அடித்து, தொட்டில் கட்டில் போட்டு, பக்கத்து அறையிலிருந்து கவனிக்கக் கேமராவும் வைத்துவிடுவார்கள். எங்கள் இரண்டாவது பெண் நியூஜெர்சியில் பிறந்தபோது, மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் குழந்தையைத் தனிப் படுக்கையில்தான் போட வேண்டும் என்று நர்ஸ் அம்மா பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். மெத்தென்ற உயரமான கட்டிலும் கனத்த போர்வையும் உள்ள ஊரில் அந்த எச்சரிக்கை நியாயமானது. கெட்டியான ஃபுத்தோன் தரையில் கிடக்கும் ஊரில் பழக்கம் வேறு விதமாக வளர்ந்திருக்கிறது.

இனி குளியலறை. இரண்டு நாட்டு வீடுகளையும் பிரித்துக் காட்ட ஒரே ஓர் அறையைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அமெரிக்கக் குளியலறையில் கழிப்பறை, கைகழுவும் தொட்டி, குளியல் தொட்டி மூன்றும் ஒரே அறையில். தொட்டிக்குள் நின்று திரைபோட்டு ஷவரில் குளிப்பார்கள். தரையில் தண்ணீர் சிந்தினால் கீழ்த்தள சீலிங் ஊறிவிடும் என்று பயப்படுவார்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் கழிப்பறைக்கும் போக முடியாது என்பதால் ஒவ்வொரு பெட்ரூமுக்கும் ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும். "நாலு பெட், ரெண்டரை பாத்" என்கிறார்களே, அந்த அரை என்பது குளிக்க வசதி இல்லாத கழிப்பறை.

ஜப்பானில் குடும்பத்துக்கு ஒரே குளியலறை, ஆனால் மூன்றாகப் பிரித்தது. கழிப்பறை தனிக் கதவோடு தனியாக. பெரும்பாலும் அதற்கென்றே ஒரு ஜோடி ஸ்லிப்பர். துணி மாற்றவும் முகம் கழுவவும் ஓர் அறை, வாஷிங் மெஷினும் அதிலேயே. அதைத் தாண்டிக் கண்ணாடிக் கதவு போட்ட குளியல் அறை. அந்த அறை முழுக்கவே ஈரமாகலாம்; தரையில் நீர் வடியும் துளை உண்டு. சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலைக்குக் குளித்து, உடம்பில் ஒரு துளி நுரை இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்கைக் கழுவ இல்லை, ஊறுவதற்கு. நீளம் குறைவு, ஆழம் அதிகம். தோள்வரை 40, 41 டிகிரி செல்சியஸ் வெந்நீர். ஒருவர் வெளியே வந்ததும் மூடி போட்டு வைப்பார்கள், அடுத்தவர் அதே தண்ணீரில் இறங்குவார். சூடு குறைந்தால் தொட்டி நீரையே சுழற்றி மறுபடி சூடாக்கும் பொத்தான் உண்டு. எல்லோரும் குளித்த பின் மிச்சத் தண்ணீரைச் சிலர் ஒரு குழாய் போட்டு வாஷிங் மெஷினுக்கு இறைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் சமையலறைச் சுவரில் இருக்கும் பலகையில் ஒரு பொத்தானை அழுத்துவேன். இருபது நிமிடத்தில் ஒரு சின்ன இசை வரும், "குளியல் தயார்" என்று பெண் குரல் சொல்லும். என் மூத்த பையன் அப்போது மூன்று வயது. அந்த இசை கேட்டதும் விளையாட்டுச் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். தொட்டியில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிய பிறகுதான் எழ வேண்டும் என்பது அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கும் விதி. அவன் ஜப்பானிய எண்களைக் கற்றது அங்கேதான். அமெரிக்காவில் குளிப்பது காலையில் வேலைக்குப் போகும் முன் ஐந்து நிமிடத்தில் தனியாக முடிக்கும் காரியம். அந்த மாலை நேரத்தை நாங்கள் இன்றும் இழந்ததாகவே உணர்கிறோம்.

இந்த அறையை நான்கு சுவரும் தரையும் தொட்டியுமாக ஆலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக நியூ ஒட்டானி ஹோட்டலை அவசரமாகக் கட்டியபோது பிறந்தது. செய்து கொடுத்தது டோட்டோ நிறுவனம். அதே நிறுவனம் 1980இல் வாஷ்லெட் என்ற நீர் பீய்ச்சும் கழிப்பறை இருக்கையைக் கொண்டுவந்தது. இன்று ஐந்தில் நான்கு வீடுகளில் அந்த மாதிரி இருக்கை இருக்கிறது. அமெரிக்காவில் இன்னும் காகிதம்தான். தண்ணீர் புழங்கிய நம்மவர்கள் பலர் வீடு மாறியதும் முதலில் செய்யும் வேலை கழிப்பறையில் ஒரு பீடே குழாய் பொருத்துவது.

ஜப்பானிய வீட்டைப் புகழ்வது போல இருக்கிறதா? அப்படியானால் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே எனக்குக் கோபமே உண்டு.

அமெரிக்கர்கள் வீட்டைச் சூடாக்குகிறார்கள், ஜப்பானியர்கள் ஆளைச் சூடாக்குகிறார்கள். நியூஜெர்சி வீட்டில் பேஸ்மென்ட்டில் ஒரு ஃபர்னஸ். அதிலிருந்து சுவருக்குள் ஓடும் டக்ட் வழியாக எல்லா அறைக்கும் சூடான காற்று. கூடத்தில் தெர்மோஸ்டாட்டை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால், யாருமே இல்லாத விருந்தினர் அறைகூட 68தான். பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் கட்டட விதித்தொகுப்பே, குளிர்ப் பகுதிகளில் ஒவ்வொரு வாழும் அறையையும் 68 டிகிரிக்கு, அதாவது 20 செல்சியஸுக்குக் கொண்டுவரும் வசதி கட்டாயம் என்கிறது. எரிசக்தி எவ்வளவு வீணாகிறது என்பது வேறு விஷயம். வீட்டில் எந்த மூலையிலும் கிழவர் ஒருவர் நடுங்க மாட்டார்.

ஜப்பானில் ஹொக்கைதோ தீவைத் தவிர மற்ற இடங்களில் அப்படி இல்லை. இருக்கும் அறையில் ஒரு ஏசி ஹீட்டராக ஓடும், அல்லது மண்ணெண்ணெய் அடுப்பு. நடுவில் கொத்தாட்சு: அடியில் மின்சாரச் சூடேற்றி பொருத்திய தாழ்வான மேசை, அதைச் சுற்றிக் கனத்த மெத்தைப் போர்வை. காலை உள்ளே விட்டு உட்கார்ந்தால் எழ மனம் வராது. ஆனால் எழுந்து நடைவழிக்குப் போனால் வெளியில் நிற்பது போல இருக்கும். 14ஆம் நூற்றாண்டில் கென்கோ என்ற துறவி, வீட்டைக் கோடையை நினைத்துக் கட்டு, குளிர்காலத்தில் எங்கும் இருந்துவிடலாம் என்று எழுதினார். பிசுபிசுக்கும் ஜப்பானியக் கோடைக்கு அது சரியான யோசனை. காற்றோட்டத்துக்காகத் தரையை உயர்த்தி, சுவரே இல்லாமல் தள்ளு கதவுகளாக அமைத்த பழைய வீடுகள் அதைப் பின்பற்றியவை. ஆனால் போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் காற்றோட்டமும் போய், கதகதப்பும் வரவில்லை. அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், சுவரில் பெயருக்குக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு.

எங்கள் சைத்தாமா வீட்டில் ஜனவரி மாதக் காலை என்றால் முதல் வேலை ஜன்னல் துடைப்பது. கண்ணாடி முழுக்க உள்பக்கம் நீர் முத்து முத்தாக வழிந்து, சட்டத்தின் அடியில் குளம் கட்டியிருக்கும். பழைய துண்டால் ஒற்றியெடுத்துப் பிழிந்தால் அரை வாளி தேறும். ஒரு பிப்ரவரியில் துணி அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, தினமும் ஜன்னலைத் திறந்து வைக்கவில்லையா என்று எங்களைக் கேட்டார். வெளியே இரண்டு டிகிரி.

இது வெறும் அசௌகரியம் இல்லை. சூடான அறையிலிருந்து உறைய வைக்கும் நடைவழி, உடை மாற்றும் அறை, பிறகு 42 டிகிரி தொட்டி என்று போகும் முதியவரின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கி மயக்கம் வந்துவிடுகிறது. ஜப்பானில் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்கள், சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட அதிகம். நான் மேலே இவ்வளவு ஆசையாகச் சொன்ன அந்தத் தொட்டிதான். குளிர்காப்புக்கான அளவுகோல் ஒன்றை 1999இலேயே வகுத்து வைத்திருந்தும், அதே தரத்தை எல்லாப் புதிய வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது 2025 ஏப்ரலில்தான். கால் நூற்றாண்டு தாமதம். பணக்கார நாடு, உலகின் மிகத் திறமையான தச்சர்கள் உள்ள நாடு இதைச் செய்யாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

சமையலறையில் அதிகம் நிற்க வேண்டாம். அமெரிக்காவில் அடுப்போடு சேர்ந்த பெரிய ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின், சிங்க் துளையிலேயே மிச்சத்தை அரைக்கும் கருவி. ஜப்பானில் ஓவன் இராது, அடுப்புக்கு நடுவே மீன் சுடும் சின்ன இழுப்பறை இருக்கும், தரைப்பலகையைத் தூக்கினால் ஊறுகாயும் அரிசியும் வைக்கும் குழி இருக்கும். துணி உலர்த்துவது மட்டும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் ட்ரையர் இல்லாத வீடு குறைவு. குடியிருப்போர் சங்கம் கொடி கட்டக் கூடாது என்று தடுக்கும் இடங்களும் உண்டு, அதை எதிர்த்துக் கொடியில் உலர்த்தும் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலங்களும் உண்டு. ஜப்பானில் தெற்குப் பார்த்த பால்கனிதான் ட்ரையர். வெயில் வந்தால் தெரு முழுக்க ஃபுத்தோன்கள் கைப்பிடிச் சுவரில் தொங்கும். அந்தத் தெற்குப் பார்வைக்காகவே வாடகை கூடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: வீட்டின் ஆயுளும் விலையும்.

நம் ஊர்ச் செங்கல், சிமென்ட் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இரண்டு நாட்டிலும் தனி வீடுகள் பெரும்பாலும் மரத்தால்தான் கட்டப்படுகின்றன. முறைதான் வேறு. ஜப்பானியத் தச்சர் கனமான தூணும் உத்தரமும் நிறுத்திச் சட்டகம் கட்டுவார். பாரம் தூண் வழியே இறங்கும், இடையில் சுவர் இல்லாவிட்டாலும் கூரை நிற்கும். அமெரிக்காவில் 1830களில் சிகாகோ பக்கம் பரவிய முறை வேறு: இரண்டுக்கு நாலு அங்குலம் என்று சொல்லப்படும் மெல்லிய சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே பலகை அறைந்து, சுவரையே பாரம் தாங்க வைப்பது. தேர்ந்த தச்சர் தேவையில்லை, ஆணியும் சுத்தியலும் போதும். ஜப்பான் அந்த முறையையும் 1974இல் அனுமதித்தது. சுவர் முழுதும் ஒரு பெட்டி போல இயங்குவதால் நிலநடுக்கத்தை நன்றாகத் தாங்குகிறது.

நிலநடுக்கம்தான் ஜப்பானிய வீட்டின் வயதைத் தீர்மானிக்கிறது. 1978இல் மியாகியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் விதிகளைத் திருத்தி 1981 ஜூனில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 1995இல் கோபே பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்குள் நசுங்கியோ மூச்சுத் திணறியோ இறந்தவர்கள். கீழ்த்தளத்தில் வலுவான சுவர் இல்லாமல், மேலே கனத்த ஓடு சுமந்த பழைய வீடுகள். 2000இல் மர வீடுகளுக்கு மறுபடியும் விதியை இறுக்கினார்கள். அதனால் அங்கே வீடு பார்ப்பவர் கேட்கும் கேள்வி, "1981க்கு முன்னா, பின்னா?"

இதோடு வரிக்கணக்கு சேர்ந்துகொள்கிறது. மர வீட்டுக்கு வரிச்சட்டம் வைத்திருக்கும் ஆயுள் 22 வருடம். அது தேய்மானத்துக்கான எண் மட்டுமே. வீடு அன்றைக்கு இடிந்துவிடாது. ஆனால் வங்கியும் தரகரும் அதையே விலையாக எடுத்துக்கொண்டதால், இருபது இருபத்தைந்து வருடத்தில் வீட்டின் மதிப்பு பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. மிஞ்சுவது நிலத்தின் விலை. வீட்டுக்கடனோ 35 வருடம்! கடன் முடியும் முன்பே வீடு காகிதத்தில் செத்துவிடுகிறது.

எங்கள் எதிர்வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு மாடி மர வீடு, நாற்பது வருடத்துக்குள்தான் இருக்கும். அங்கிருந்த பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனதும் பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். ஒருநாள் கான்ட்ராக்டரின் ஆள் வந்து, இத்தனை தேதியிலிருந்து சத்தம் இருக்கும், மன்னிக்கவும் என்று குனிந்து வணங்கி, உறை போட்ட ஒரு துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டிச் சாம்பல் நிறத் துணி போர்த்தினார்கள். முதலில் தத்தாமிகளைக் கழற்றி அடுக்கினார்கள், பிறகு கண்ணாடி, பிறகு சுவர்ப்பலகை, எல்லாம் தனித்தனிக் குவியலாக. கடைசியில் சின்ன இயந்திரம் ஒன்று தூண்களைக் கொத்தித் தூக்க, பக்கத்தில் ஒருவர் தூசி பறக்காமல் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே நின்றார். அந்தத் தூண்களை நான் பார்த்தேன். ஒன்றிலும் கரையான் இல்லை, உளுத்துப்போகவில்லை. பத்து நாளில் வெறும் மண். அடுத்த மாதம் நான்கு மூலையிலும் பச்சை மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஷிந்தோ பூசாரி வந்து மண்ணுக்குப் பூசை செய்தார். ஒரு வீடு இருந்த இடத்தில் மெலிந்த மூன்று மாடி வீடுகள் இரண்டு எழும்பின.

இதற்கு விளக்கமாக, ஜப்பானியர்களுக்கு நிலையாமைத் தத்துவம் பிடிக்கும், இசே கோயிலையே இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்களே என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாரா அருகே ஹொர்யூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் 1,300 வருடமாக நிற்கின்றன. இருநூறு வருடக் குடியானவர் வீடுகளும் இருக்கின்றன. உண்மைக் காரணம் அண்மைக் கால வரலாறு. 1945இல் நகரங்கள் எரிந்து முடிந்தபோது நாட்டில் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. அவசரத்தில் மட்டமாகக் கட்டினார்கள். மட்டமாகக் கட்டியதை இடித்தார்கள். இடித்துக் கட்டுவதே ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. அரசும் புது வீட்டையே ஊக்குவித்தது.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே விற்பனையாகும் வீடுகளில் பெரும்பகுதி பழைய வீடு. எங்கள் தெருவில் 1920களில் கட்டிய வீட்டுக்கு எங்கள் வீட்டைவிட விலை அதிகம். 1934இல் கூட்டாட்சி அரசு வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தரத் தொடங்கி, நீண்ட காலத் தவணைக் கடன் பரவிய பிறகு, நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பே வீடுதான் என்றாகிவிட்டது. அதனால் வீட்டை நமக்காகக் கட்டுவதில்லை, அடுத்து வாங்கப்போகிறவருக்காக வைத்திருக்கிறோம். என் மாமியார் மூட்டுவலியோடு எங்களிடம் வந்து தங்கியபோது, தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க முடியாமல் கஷ்டப்பட்டார். தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்ட ஷவர் போடலாம் என்று நினைத்தோம். தெரிந்த ரியல் எஸ்டேட் அம்மையார், வீட்டில் ஒரு தொட்டியாவது இல்லாவிட்டால் ரீசேல் அடிபடும், சின்னப் பிள்ளை உள்ளவர்கள் வாங்க மாட்டார்கள் என்றார். "நாங்கள் விற்கவில்லையே" என்றாள் என் மனைவி. "எப்போதாவது விற்பீர்கள் இல்லையா?" என்றார் அவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஷவரையே போட்டோம். ஆனால் அந்த இரண்டு நாள் நாங்கள் யோசித்தது, முகம் தெரியாத ஒருவரின் குழந்தையை எங்கே குளிப்பாட்டுவது என்பதைத்தான்.

மறுவிலை இல்லாத ஊரில் இந்தக் கவலை இல்லை. ஒசாக்காவின் சுமியோஷியில் கட்டடக் கலைஞர் அன்டோ தடாவோ வடிவமைத்து 1976இல் கட்டி முடிந்த சின்ன கான்கிரீட் வீட்டில், படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போகத் திறந்த முற்றத்தைக் கடக்க வேண்டும்; மழை பெய்தால் குடை. கட்டிக்கொண்டவருக்குப் பிடித்தால் போதும் என்ற இடத்தில்தான் அப்படி ஒரு வீடு எழும்பும். ஜப்பானிய இளம் கட்டடக் கலைஞர்கள் துணிந்து சோதனை செய்து பார்க்க முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஏற்பாட்டிலும் அடிபட்டவர்கள் உண்டு. ஜப்பானில் 2023 கணக்குப்படி 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. இடித்தால் காலி நிலத்துக்கு வரிச்சலுகை போய்விடும் என்பதால் பிள்ளைகள் இடிக்காமலும் வாழாமலும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் விலை ஏறும் அந்தச் சேமிப்புப் பெட்டியைத் திறக்கவே கறுப்பின மக்களை நீண்ட காலம் விடவில்லை. லெவிட்டவுன் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தார்கள். அன்று வாங்க முடியாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த இடைவெளியைச் சுமக்கிறார்கள்.

தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் மிகக் கண்டிப்பான குடியிருப்புப் பகுதியிலும் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை வைக்கலாம் என்பதால், முடிதிருத்தும் கடையும் ரொட்டிக் கடையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். பெரும்பாலான இடங்களில், காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையச் சான்று காட்டாமல் கார் பதிவுசெய்ய முடியாது. தெருவில் கார் நிற்காது, பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போவார்கள். அமெரிக்கப் புறநகரில் முன்னால் புல்வெளி, இரண்டு கார் கராஜ், வீட்டைத் தவிர வேறெதுவும் கட்டக் கூடாது என்ற விதி. கொத்தமல்லி வாங்கவும் கார் எடுக்க வேண்டும்.

நீங்கள் குடிபோகும் எண்ணத்தில் கேட்டிருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வீடு பார்க்கும்போது கட்டிய வருடத்தை முதலில் கேளுங்கள், 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி வாங்கியதா என்று உறுதிசெய்யுங்கள். மர வீடென்றால் 2000க்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. பிறகு ஜன்னலைத் தட்டிப் பாருங்கள், ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்று. சொந்த வீடாக இருந்து ஒற்றைக் கண்ணாடி என்றால், இருக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு ஜன்னல் பொருத்துங்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேர வேலைதான், 2023 முதல் அரசு மானியமும் தருகிறது. அமெரிக்காவில் ஃபர்னஸுக்கும் கூரைக்கும் எத்தனை வயது, பேஸ்மென்ட்டில் தண்ணீர் வருமா, குடியிருப்போர் சங்கம் உண்டா, உண்டென்றால் அதன் விதிப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். எந்த ஊரானாலும், வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், குளியலறைக்குள் நுழைந்து அவர்கள் காலை எங்கே வைப்பார்கள் என்று ஒருமுறை நின்று பாருங்கள்.